கரித்தூள்

மேசையில் இரண்டு பெட்டி.
ஒன்றின் நாடா இன்னும் உரிக்கவில்லை.
மற்றதில் மஞ்சள் அட்டை:
பிரித்து, துடைத்து, தகடும் சுழலியும் புதிதாய் மாற்றி
ஓட்டிப் பார்த்ததாக யாரோ ஒருவரின் கையொப்பம்.
கூடு மட்டும் பழசு.
எந்த நாட்டு விமானத்தின் வயிற்றில்
எத்தனை மணிநேரம் இருந்து வந்த கூடென்று
அட்டையில் இல்லை.

புதுசுக்கு இரண்டு லட்சத்து எழுபது, சுங்கம் தனி.
மற்றது அதில் பாதிக்குக் கொஞ்சம் கூட.
"நீயே சொல்லு யுகந்தினி, சொல்றதைப் பூட்டுவம்" என்று
முதலாளி சஹாப்தீன் காத்தான்குடிக்குப் போய்விட்டார்.
கையெழுத்து என்னுடையது என்பதால்
முடிவும் என்னுடையதாம்.

வலையிறவுப் பக்கம் இருட்டிக்கொண்டு வருகிறது.
கொட்டகைத் தகரத்தில் முதல் தூறல்.

இரண்டு கைக்குள் அடங்கும் சாமான் இது.
எண்ணெய் கிடையாது.
கரித் தகடுகள் தம்மைத் தாமே தேய்த்து
அந்தத் தூளிலேயே வழுக்கி ஓடும்.
இது உறிஞ்சும் காற்றில்தான்
கருவிப் பலகைக்குள் ஒரு பம்பரம் சுற்றுகிறது.
பம்பரம் நிற்காதவரை
முகிலுக்குள்ளும் ஓர் அடிவானம் இருக்கும்.

எஞ்சின் நின்றால் காதுக்குத் தெரியும்.
இது சாகும்போது சத்தமே இல்லை.
ஒரு பிளாஸ்டிக் இணைப்பு முறிந்து
எஞ்சினைக் காப்பாற்றிவிடும்.
ஓட்டுகிறவரை அல்ல.

கார்த்திகைக் கடைசியில் ரெகல்
ஏறாவூருக்கு மேலே முகிலுக்குள் இருந்தார்.
"அடிவானம் மெல்லச் சரிஞ்சுது பிள்ளை,
நித்திரைக்குப் போற ஆளின்ட தலை மாதிரி.
நானும் அதோட சேந்து சரியப் பாத்தன்.
மறுகா உறிஞ்சுமானியைப் பாத்தா பூச்சியம்.
அந்த முகத்தைக் கடதாசியால மூடிப்போட்டு
கரண்டில ஓடுற மத்தக் கருவிய நம்பிக் கிறுகினன்.
முகில் கிழிஞ்ச இடத்தில வாவி, கறுப்பா.
கல்லடிப் பாலத்து லைட்டெல்லாம்
ஒரே நேரா நிண்டுது."

கடதாசி, மகளின் ரியூசன் பற்றுச்சீட்டு.
நான்தான் அதை உருவி எடுத்தேன்.

அதன் பிறகு எல்லோரிடமும் ஒரே கேள்விதான் கேட்டேன்:
புதுசா, புதுக்கினதா?
இரத்மலானையில் ஒருவர் சொன்னார்,
பழைய கூட்டில் உயிரை வைக்காதே.
இன்னொருவர் சிரித்தார்,
புதுசும் முதல் மாதமே போகும், நான் கண்டிருக்கிறேன்.

இன்று மத்தியானம் செத்த பம்பைத் திறந்தேன்.
சுழலி நாலாய்ப் பிளந்து கிடந்தது.
குழாயைக் கழற்றி வெள்ளைத் துணியில் தட்டினேன்.
காய்ந்த ரப்பர்ப் பொருக்கு.
அதோடு, இதற்கும் முந்திச் செத்த பம்பின் கரித்தூள்,
இத்தனை நாளும் உள்ளே காத்திருந்தது.

பதிவேட்டைப் புரட்டினேன்.
செத்ததும் புதுசுதான்.
நூற்றுப் பத்து மணிநேரம்.
நாடா உரித்து நானே பூட்டியது.
"குழாய்கள் பார்க்கப்பட்டன."
என் எழுத்து, என் நீல மை.
பார்த்தேன்தான்.
வெளியில் இருந்து பார்த்தேன்.
அன்றைக்கு ஏழு மணிக்குக் கடைசி பஸ்.

ரெகலுக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.
கொஞ்ச நேரம் அந்தப் பக்கம்
மீன் பொரிகிற சத்தம் மட்டும்.
"சரி" என்றார். "எதைப் பூட்டப் போறாய்?"

மஞ்சள் அட்டையை.
மிச்சக் காசுக்குக் குழாய்கள் அத்தனையும்,
வடிகட்டிகளும்.
சஹாப்தீனுக்கு எழுதிவிட்டேன்,
காரணத்தையும், யார் பிழை என்பதையும்.
மற்றப் பெட்டி நாடாவோடு திரும்பிப் போகும்.

மழை இப்போது தகரத்தை அறைகிறது.
பம்பைக் கையில் எடுத்தபின்
அட்டையில் இருந்த கையொப்பத்தை
இன்னொரு தடவை பார்த்தேன்.
தெளிவான, அவசரமில்லாத எழுத்து.

அவருக்கும் ஊரில்
கடைசி பஸ் ஒன்று இருந்திருக்கும்.

அளவுத் துளையின் மூடியைத் திருகிக் கழற்றினேன்.